மேசைக் கணிப்பியில் உருவான ஆய்வேடு: ஹாஃப்ஸ்டாட்டர் வண்ணத்துப்பூச்சியின் வரலாறு

ஹாஃப்ஸ்டாட்டர் வண்ணத்துப்பூச்சி என்பது காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட படிகத்தினுள் எலக்ட்ரான்கள் பெறக்கூடிய ஆற்றல்களைக் காட்டும் வரைபடமாகும். விரித்த சிறகுகளைப் போன்ற தோற்றத்தால் இப்பெயர் பெற்றது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் 1975இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் மையம் இப்படமே. கணிப்பொறி தரும் எண்களைக் கொண்டு இயற்பியலில் பட்டம் பெறலாம் என்பதை இன்று எவரும் ஐயுறுவதில்லை. அன்று நிலைமை வேறு.

படிகத்தினுள் எலக்ட்ரானின் ஆற்றல் பட்டைகளாக அமைகிறது. வெற்றிடத்தில் காந்தப்புலம் மட்டும் இருந்தால் சம இடைவெளி கொண்ட மட்டங்களாக அமைகிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதே சிக்கல். பர்மிங்காமில் ருடால்ஃப் பையர்ல்ஸின் ஆய்வு மாணவராக இருந்த ஃபிலிப் ஹார்ப்பர் 1955இல் இதற்கொரு சமன்பாட்டைத் தந்தார். அதில் முடிவைத் தீர்மானிப்பது ஒரே எண்: படிகத்தின் ஓர் அலகுக் கட்டத்தின் வழியே செல்லும் காந்தப் பாயம், பாயக் குவாண்டத்தில் எத்தனை பங்கு என்பது. அது 1/3 ஆனால் ஒரு பட்டை மூன்றாகப் பிரியும். 33/100 ஆனால் நூறாகப் பிரியும். இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருக்க, காந்தப்புலத்தைச் சற்றே மாற்றினால் மூன்று எப்படி நூறாகும்? விகிதமுறா எண்ணானால் என்ன நிகழும்?

ஹாஃப்ஸ்டாட்டர் முதலில் துகள் இயற்பியல் படிக்க வந்தவர். அத்துறையில் மனம் ஒட்டாமல், பல ஆண்டுகள் கழிந்த பிறகு திண்மநிலை இயற்பியலுக்கு மாறினார். தந்தை ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1961இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். மகனோ முப்பது வயதை நெருங்கியும் பட்டம் பெறவில்லை. நெறியாளர் கிரெகரி வானியருடன் 1974இல் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் நகருக்குச் சென்றபோது, அங்கிருந்த குழு இச்சிக்கலைத் தேற்றங்கள் வழியே அணுகிக்கொண்டிருந்தது. அவ்வகைக் கணிதத்தில் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாத ஹாஃப்ஸ்டாட்டர், எண்களைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

கையில் கிடைத்தது ஹியூலெட்-பேக்கர்டு 9820ஏ என்ற மேசைக் கணிப்பி. நிரல் எழுதலாம், ஆனால் நினைவகம் மிகச் சிறியது. ஒரு பின்னத்தைத் தேர்ந்து, ஒவ்வோர் ஆற்றலுக்கும் சிறு அணிகளை வரிசையாகப் பெருக்கி, விடை வரம்புக்குள் அடங்கினால் அந்த ஆற்றல் ஏற்கத்தக்கது எனக் கொள்வதே வேலை. இரவில் ஓடவிட்டு, காலையில் எண்களை எடுத்து, கட்டத்தாளில் கையாலேயே புள்ளி வைத்தார். இரவோடிரவாக வைக்கோலைப் பொன்னாக நூற்கும் கதைக் குள்ளனின் பெயரான ‘ரும்பெல்ஸ்டில்ட்சன்’ என்பதையே அக்கணிப்பிக்குச் சூட்டினார்.

பின்னங்கள் கூடக்கூடப் படம் தெளிந்தது. பெரிய சிறகுகளுக்குள் அதே வடிவில் சிறிய சிறகுகளும், அவற்றினுள் இன்னும் சிறியனவும் இருந்தன. நூறு பட்டைகளும் மூன்று கொத்துகளாகத் திரண்டு நின்றன! தொலைவிலிருந்து பார்த்தால் மூன்று, நெருங்கிப் பார்த்தால் நூறு. பழைய முரண் அங்கே தீர்ந்தது. வானியரோ இதை முதலில் வெறும் எண்சோதிடம் என ஒதுக்கினார். இத்தகைய வேலைக்குப் பட்டம் கிடைக்காது என்றும் எச்சரித்ததாக ஹாஃப்ஸ்டாட்டர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். மார்க் அஸ்பெல் 1964இலேயே இத்தகைய அடுக்கமைப்பை ஊகித்திருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆனால் அதைக் கண்ணால் காணச் செய்தது இந்த ஆய்வேடுதான். 1976இல் இது ஃபிசிக்கல் ரிவ்யூ பி இதழில் கட்டுரையாக வெளிவந்தது. ஹாஃப்ஸ்டாட்டர் அத்துறையில் நிலைக்கவில்லை. அறிதல் அறிவியலுக்குச் சென்று, 1979இல் எழுதிய நூலுக்குப் புலிட்சர் பரிசு பெற்றார்.

வானியரின் மனமும் மாறியது. படத்தின் இடைவெளிகளை ஆராய்ந்து, அவை அனைத்தும் முழு எண்களால் ஆன எளிய நேர்கோட்டு விதிக்கு உட்படுவதை 1978இல் அவரே வெளியிட்டார். 1982இல் டேவிட் தவுலெஸும் மூவரும் அம்முழு எண்களைக் குவாண்டம் ஹால் விளைவுடன் இணைத்தனர்; தவுலெஸின் 2016 நோபல் பரிசில் இப்பணிக்குப் பங்குண்டு.

சோதனையில் காண்பது எளிதாக இருக்கவில்லை. இயற்கைப் படிகத்தில் அணுக்களின் இடைவெளி மிகச் சிறியது என்பதால், ஒரு இலட்சம் டெஸ்லா அளவிலான காந்தப்புலம் வேண்டும். ஆய்வகங்களின் நிலையான காந்தங்கள் சில பத்து டெஸ்லாவைத் தாண்டுவதில்லை. கிராஃபீனைப் போரான் நைட்ரைடின் மேல் வைத்தால் ஏறத்தாழ 14 நானோமீட்டர் அகலமுள்ள பெரிய கட்டங்கள் உருவாகும் என்பதைப் பயன்படுத்தி, 2013இல் மூன்று குழுக்கள் வண்ணத்துப்பூச்சியின் தடயங்களைக் கண்டன. அளவீடுகளில் தெரிந்த இடைவெளிகளை இனங்காண உதவியது 1978இல் வானியர் தந்த நேர்கோட்டு விதியே.