தோல் பந்தும் துடுப்பும்

உழைக்கும் கை தாழ்ந்த கை. உழைக்காத கை உயர்ந்த கை! இந்தத் தலைகீழ்க் கணக்கை எந்தப் பாடநூலும் அச்சிட்டுத் தருவதில்லை. ஆயினும் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டேதான் பள்ளிக்கு வருகிறார்கள். வீடு கற்பிக்கிறது, வீதி கற்பிக்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொட்டால் தீட்டு என்பதைத் தாயும் தந்தையும் கற்பிக்கிறார்கள். ஏட்டில் உள்ள பொய்யை ஏட்டால் மறுத்துவிடலாம். கையிலும் காலிலும் ஊறிவிட்ட பொய்யை எதைக்கொண்டு போக்குவது? வகுப்பறையில் நின்று பேசும் நம்மைப் போன்றோரை நாள்தோறும் குடையும் கேள்வி இது. விடை காண விழைவோர், காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில், ஜீலம் ஆற்றங்கரையில், ஒரு கிறித்தவப் பள்ளியில் நடந்த வரலாற்றை அறிதல் நலம்.

சர்ச் மிஷனரி சங்கத்தார் 1880-ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி அது. 1890-இல் அங்கு வந்து சேர்ந்தார் செசில் ஏர்ல் டிண்டேல்-பிஸ்கோ என்னும் ஆங்கிலப் பாதிரியார். வயது 27. கேம்பிரிட்ஜில் பயின்றவர், 1884-ஆம் ஆண்டுப் படகுப் போட்டியில் ஆக்ஸ்போர்டை வென்ற கேம்பிரிட்ஜ் படகில் சுக்கான் பிடித்தவர். வந்தவர் கண்ட காட்சி என்ன? மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் காஷ்மீரப் பண்டிதர்கள், அதாவது, பிராமணர்கள். உடலை மூடித் தொங்கும் நீண்ட அங்கி. அங்கிக்குள்ளே குளிர்காயும் கனல் சட்டி. மாணவப் பருவத்திலேயே மணம் முடித்தவர் பலர். அரசாங்க எழுத்தர் வேலை அவர்களுக்குத் தலைமுறைச் சொத்தாக இருந்தது. வருங்காலத்தில் அந்தச் சொத்தைக் காக்க ஆங்கிலம் வேண்டும். ஆகவே, வேற்று மதத்தாரின் பள்ளிக்குள் நுழைந்தனர். பாதிரியாரின் ஆங்கிலத்தில் தீட்டு இல்லை. பாதிரியார் தரும் சான்றிதழில் தீட்டு இல்லை. ஆனால், "விளையாட வாருங்கள்" என்று அவர் அழைத்தபோதுதான் சாத்திரம் குறுக்கே வந்து நின்றது!

உடம்பில் தசை திரண்டிருப்பது கூலிக்காரனுக்கு அடையாளம். உயர்குலத்தானுக்கு அது இழுக்கு. இதுவே அவர்கள் சொன்ன காரணம்.

1891-இல் பள்ளிக்குள் முதல் கால்பந்து வந்தது. அந்த ஆண்டு மணமுடித்து, மனைவியுடன் திரும்பிய பிஸ்கோ கொண்டுவந்த பந்து அது. எதனால் செய்தது என்று மாணவர் கேட்டனர். தோல் என்றார். உடனே, புனிதமற்ற பொருள், தொடமாட்டோம் என்றனர். பாதிரியார் விடவில்லை. பிற்பகலில் மாணவரைத் திடலுக்கு நடத்திச் சென்றார். ஆசிரியர்களைக் கையில் தடியுடன் சுற்றிலும் நிறுத்தினார். உதைத்தே ஆகவேண்டும் என்று ஆணையிட்டார். ஊரார் கூடி நின்று வேடிக்கை பார்த்தனர். மிரட்டலுக்கு அஞ்சிக் கால்கள் எழுந்தன, அங்கிகள் தடுக்கின, செருப்புகள் பறந்தன. ஆட்டத்தின் நடுவே பந்து ஒருவனின் முகத்தில் மோதியது. தோல் உதட்டில் பட்டுவிட்டதே, சாதி போயிற்றே என்று அவன் அழுதான். போய் நீரில் கழுவிக்கொண்டு வா என்றார் பிஸ்கோ. கழுவிக்கொண்டு வந்தான், ஆட்டம் தொடர்ந்தது.

தோழர்களே! இந்தச் சிறு நிகழ்ச்சியில் எவ்வளவு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது, பாருங்கள். ஆயிரம் ஆண்டுக் காலமாக அசையாதது என்று போற்றப்பட்ட தீட்டு, ஒரு கை நீரில் கரைந்தது. வானம் இடிந்து விழவில்லை, ஆறு வற்றிவிடவில்லை, பந்து மட்டும் உருண்டோடியது. அன்று வீட்டுக்குத் திரும்பிய மாணவன், சாத்திரம் எச்சரித்த கேடு எதுவும் தனக்கு நேரவில்லை என்பதைத் தன் உடலாலேயே அறிந்தான். எந்தச் சொற்பொழிவும் தரமுடியாத பாடம் அது.

பந்துக்குப் பின் வந்தது துடுப்பு. ஸ்ரீநகரமோ ஆறும் ஏரியும் கால்வாயும் சூழ்ந்த ஊர். படகு இல்லாமல் அங்கே வாழ்க்கை இல்லை. ஆயினும், படகு ஓட்டுவது ஹாஞ்சி எனப்படும் படகோட்டிகளின் வேலை. பண்டிதன் படகில் அமர்வான், துடுப்பைத் தொடான். பிறர் உழைப்பில் மிதப்பது பெருமை. தானே உழைத்து மிதப்பது சிறுமை! முதன்முதல் துடுப்புப் பிடித்த மாணவர், தம்மை யாரும் அடையாளம் காணாதிருக்கப் போர்வையால் தலையை மூடிக்கொண்டனர். திருடப் போகிறவன் முகத்தை மறைப்பதுண்டு. உழைக்கப் போகிறவன் முகத்தை மறைக்கவேண்டிய நிலையை உண்டாக்கிய சமுதாயத்தை என்னவென்பது?

காலம் செல்லச் செல்லப் போர்வை விலகியது. நீச்சல் அந்தப் பள்ளியில் கட்டாயப் பாடமாயிற்று. குறிப்பிட்ட வயதுக்குள் நீந்தக் கற்காதவனுக்குச் சம்பளம் உயர்த்தப்பட்டது. அறிவுக்கு மட்டுமன்றி, உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் வழங்கினர். டால் ஏரியை நீந்திக் கடந்தனர், மலைகளில் ஏறினர். திறமை பரிசுக் கோப்பையோடு நின்றுவிடவுமில்லை. தீப்பிடித்த வீடுகளை நோக்கி ஓடினர். நீரில் மூழ்கியோரைக் காத்தனர். காலரா பரவிய நாளில் மண்வெட்டி ஏந்தித் தெருக்களைத் துப்புரவு செய்தனர். மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளைப் படகில் ஏற்றி உலாவ அழைத்துச் சென்றனர். படகில் ஏறியவர் எந்த மதம், எந்தச் சாதி என்று துடுப்புப் பிடித்தவன் கேட்கவில்லை. தோல் பட்டால் தீட்டு என்ற கை, சேறு அள்ளும் கையாக மாறிற்று. சேவையாக மாறாத விளையாட்டு வெறும் தினவு என்பதை அப்பள்ளி காட்டியது.

ஆனால், வெள்ளைக்காரர் அறிவாளர், நாம் மட்டுமே மூடர் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. பிஸ்கோ பிறந்த இங்கிலாந்திலேயே, துடுப்புக்குச் சாதி இருந்தது. ஹென்லியில் நடக்கும் புகழ்பெற்ற படகுப் போட்டிக்கு 1879-இல் ஒரு விதி வகுத்தனர். கைத்தொழிலாளி, கைவினைஞன், கூலியாள் ஆகியோர் அதில் துடுப்புப் போடத் தகுதியற்றவர்! அந்த விதி 1937 வரை நீடித்தது. ஜீலத்திலே, துடுப்பு தொழிலாளியின் கருவி என்பதால் மேல்சாதியான் அதைத் தொட மறுத்தான். தேம்ஸிலே, துடுப்பு கனவானின் அணிகலன் என்பதால் தொழிலாளி அதைத் தொடக்கூடாது என்றனர். ஆறு வேறு, ஆணவம் ஒன்று. உழைப்பை இழிவாக்கும் நோய்க்கு மதம் ஒரு பெயர் சூட்டுகிறது. செல்வம் வேறொரு பெயர் சூட்டுகிறது. அவ்வளவே வேறுபாடு.

பிஸ்கோவின் குறைகளையும் நாம் மறைக்கலாகாது. அவர் ஏகாதிபத்தியத்தின் நிழலில் நின்றவர். தடியை நம்பியவர். காஷ்மீர மக்களைக் கோழைகள் என்று எளிதில் எடைபோட்டவர். எல்லாவற்றிலும் ஆண்மையோடு இருங்கள் என்பதே பள்ளியின் குறிக்கோளுரை. துணிவை ஆணுக்கு மட்டும் பட்டயம் எழுதித் தந்த காலத்தின் மொழி அது. அதே நிர்வாகத்தில் வளர்ந்த பெண்கள் பள்ளி, மல்லின்சன் என்னும் ஆசிரியையின் பெயரைத் தாங்கி நின்று, அந்த மொழிக்கு விடை கூறுகிறது. மதம் பரப்ப வந்த சங்கத்தின் பள்ளியில், மதம் மாறியோர் மிகச் சிலரே. அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே பணியாற்றி, 1947-இல் விடைபெற்று, 1949-இல் ரொடீஷியாவில் மறைந்தார் அவர். அவர் விட்டுச் சென்றது ஞானஸ்நானக் கணக்கன்று; நீந்தத் தெரிந்த, மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த தலைமுறைகள்.

தடியால் வந்ததுதானே இந்த மாற்றம் என்று சிலர் கேட்கக்கூடும். முதல் உதை தடியால் வந்தது, மெய்தான். நாம் அந்தத் தடியைப் புகழவில்லை. அடிமைப்பட்ட நாட்டில் ஆளும் இனத்தான் ஓங்கிய தடி அது. ஆனால், தடியால் ஒரு நாள் பந்தை உதைக்க வைக்கலாம்; காலரா தெருவில் இறங்க வைக்க முடியாது. அங்கே இறங்கியது தெளிவு பெற்ற மனம். ஆங்கிலேயர் ஆணையிட்டுவிட்டுத் தம் இல்லம் செல்வார். மாணவனோ, ஊராரின் ஏளனத்தைத் தாங்கி, சாதியார் சினத்தைத் தாங்கி, அதே தெருவிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பவேண்டும். ஆணையிட்டவரின் பெயரை வரலாறு எழுதி வைத்தது. போர்வையை முதலில் விலக்கியவனின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. புரட்சி செய்தவன் அவனே!

பள்ளி இன்றும் பிஸ்கோவின் பெயரால் நடக்கிறது. அங்கே பயில்வோரில் பெரும்பாலோர் இன்று முஸ்லிம் மாணவர்கள். குறுக்கிட்ட இரு துடுப்புகளே பள்ளியின் சின்னம். ஒரு காலத்தில் இழிவென்று ஒதுக்கிய கருவியைச் சட்டையில் பெருமையோடு அணிகிறார்கள்.

ஆகவே, சாதியை எதிர்த்து எழுதுவோம், பேசுவோம், வாதிடுவோம். அத்துடன், நம் வகுப்பின் துடைப்பத்தை யார் எடுக்கிறான், குடத்தை யார் தூக்குகிறான், திடலில் யார் ஒதுங்கி நிற்கிறான் என்பதையும் உற்று நோக்குவோம். எல்லாக் கைகளும் எல்லா வேலையையும் செய்யும் பள்ளியில், சாதிக்கு அமர இடம் ஏது?