உயிர் காத்த உப்பு நீர்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் அதற்கு நீரும் உணவும் கொடுக்கலாமா, நிறுத்திவிட வேண்டுமா? இக்கேள்விக்கு இன்று எந்த மருத்துவரும் தயங்காமல் விடை கூறுவார். ஆயினும் அவ்விடை உறுதிப்படுவதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகள் பிடித்தன. வயிற்றுக்கு ஓய்வு தரவேண்டும் என்று கூறிப் பாலையும் நீரையும் நிறுத்தச் சொன்னவர்கள் வீட்டுப் பாட்டிமார் மட்டும் அல்லர். பட்டம் பெற்ற மருத்துவர்களும் நெடுங்காலம் அவ்வாறே உபதேசித்து வந்தனர். அந்த உபதேசம் மாறிய வரலாற்றின் பெரும்பகுதி வங்காள மண்ணில் நிகழ்ந்தது. பிழைப்பை நாடித் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி, தாயாரோ மாமியாரோ அருகில் இல்லாமல் குழந்தை வளர்க்கும் நம் தாய்மார்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிப் போவதுதான். பெரியவருக்கு ஒரு நாள் தாங்கும் இழப்பைச் சிறு குழந்தையின் உடல் சில மணி நேரங்கூடத் தாங்காது. இந்த உண்மையைத் தொடக்கத்திலேயே கண்டவர்களுள் ஒருவர் வில்லியம் ஓஷாக்னஸி என்னும் அயர்லாந்து நாட்டு மருத்துவர். 1831-32-இல் பிரிட்டனில் வாந்திபேதி பரவியபோது, நோயாளிகளின் இரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்திருப்பதை அவர் ஆராய்ந்து வெளியிட்டார். அதைப் படித்த தாமஸ் லாட்டா என்பவர் 1832-இல் ஸ்காட்லாந்தில் நோயாளிகளின் இரத்தக் குழாய்க்குள் உப்பு நீரைச் செலுத்தினார். சாவின் வாயிலிலிருந்த சிலர் பிழைத்தனர். ஆனால் மறு ஆண்டே லாட்டா காலமானார், முறையும் மறக்கப்பட்டது. வாந்திபேதி கண்டவனுக்கு இரத்தத்தைக் கீறி வெளியேற்றுவதும், பாதரசம் சேர்ந்த பேதி மருந்து கொடுப்பதும் தொடர்ந்தன. நீர் வற்றியவனிடமிருந்து மேலும் நீரை வாங்கியது அந்நாளைய சிகிச்சை!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் உப்பு நீர் ஏற்றும் முறைக்குப் புத்துயிர் அளித்தார். இறப்பு கணிசமாகக் குறைந்தது. ஆனால் அம்முறைக்கு ஊசி வேண்டும், புட்டி வேண்டும், கிருமி நீக்கிய நீர் வேண்டும், கை பழகிய மருத்துவரும் வேண்டும். மருத்துவமனையிலிருந்து பத்துக் கல் தொலைவில் இருந்த கிராமத்துத் தாய்க்கு இவற்றுள் ஒன்றும் கிட்டவில்லை. அவள் கையில் இருந்தவை அடுப்பும், பானையும், உப்பும், வெல்லமுமே. அவையே போதும் என்று சொல்ல மருத்துவ உலகம் இன்னும் தயாராக இல்லை.

1953-இல் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற கல்கத்தா மருத்துவர், கடுமை குறைந்த வாந்திபேதி கண்ட 186 நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியே கொடுத்துக் குணப்படுத்திய செய்தியை லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' இதழில் எழுதினார். நம் வீட்டு முற்றங்களில் வளரும் கற்பூரவல்லியின் சாற்றையும் அவர் பயன்படுத்தியதுண்டு. உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. வாய் வழி நீர் எவ்வாறு குடலில் தங்கும் என்பதற்கான விளக்கம் அப்போது இல்லாமற்போனது இதற்கு ஒரு காரணம்.

விளக்கம் விரைவிலேயே வந்தது. வாந்திபேதிக் கிருமி வெளியிடும் நச்சுப்பொருளே குடலிலிருந்து நீரை இறைக்கிறது என்பதை 1959-இல் கல்கத்தாவின் சம்புநாத் தே நிறுவினார். குளுக்கோஸ் உடன் செல்லும்போது உப்பின் சத்து குடற்சுவரைக் கடந்து உள்ளே செல்கிறது என்னும் கருத்தை 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க அறிஞர் வெளியிட்டார். உப்பு சென்ற வழியே நீரும் செல்லும். நோயினால் பாழ்பட்ட குடலிலும் இந்த வாயில் மட்டும் அடைபடுவதில்லை. உப்பு நீரை மட்டும் குடித்தால் அது பெரிதும் வீணாகிறது; சர்க்கரை சேர்ந்தால் உடலில் தங்குகிறது. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் ஆகிய இரு மருத்துவர்கள் இதனைக் கடும் நோயாளிகளிடமே மெய்ப்பித்தனர். ஆயினும் அச்சோதனைகள் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் நடந்தவை. பயிற்சி இல்லாத ஒரு தாய் தன் குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா என்ற ஐயம் நீங்கவில்லை.

அந்த ஐயத்தை நீக்கியது ஒரு பெருந்துன்பம். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் நிகழ்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி ஏறக்குறைய 1 கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தனர். முகாம்களில் வாந்திபேதி பரவிற்று. எல்லையை அடுத்த பன்காவ் என்னும் ஊரின் சிறிய மருத்துவமனைக்குக் கல்கத்தாவிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு சென்றது. குழந்தை மருத்துவரான திலீப் மஹலானபிஸ் அதற்குத் தலைவர். நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். ஏற்றுவதற்கு இருந்த உப்பு நீர்ப் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. ஏற்றத் தெரிந்தவர்களும் மிகச் சிலரே.

மஹலானபிஸ் ஒரு முடிவு செய்தார். 1 லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவில் கல்கத்தாவில் பொட்டலங்கள் கட்டச் செய்து, அவற்றைப் பன்காவில் பீப்பாய்களில் கரைத்து வைத்தார். குவளையில் முகந்து நோயாளிக்குப் புகட்டும் பொறுப்பைத் தாய்மாரிடமும் உறவினரிடமும் ஒப்படைத்தார். எட்டு வாரங்களில் சுமார் 3,700 பேர் இவ்வாறு சிகிச்சை பெற்றனர். முகாம்களில் நோயுற்றோருள் 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலையில், இங்கு இறந்தவர்கள் 100-க்கு 4 பேருக்கும் குறைவு. பல உயிர்களைக் காத்த கைகள் ஊசி பிடித்தறியாத கைகள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

மற்றொரு செய்தியும் உண்டு. அந்தக் கரைசலுக்கு வாய் வழிச் 'சலைன்' என்ற பெயரையே மருத்துவர்கள் வழங்கினர். மருத்துவமனையில் புட்டியில் ஏற்றப்படும் சலைன் உயிர் காக்கும் என்பதை மக்கள் அறிந்திருந்தனர்; எனவே அந்தப் பெயர் நம்பிக்கையைத் தந்தது. கரைசல் செய்யும் முறையை வங்காளதேச விடுதலைப் போராளிகளின் மறைவான வானொலியும் ஒலிபரப்பிற்று. மருத்துவர் நுழைய முடியாத ஊர்களுக்குள் குரல் நுழைந்தது.

1978-இல் 'லான்செட்' இதழ், குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து செல்லும் இவ்வுண்மையின் கண்டுபிடிப்பை அந்நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றமாகக் கருதத்தக்கது என்று பாராட்டியது. 1980 முதல் 1990 வரை வங்காளதேசத்தில் 'பிராக்' என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இல்லங்களில் தாய்மாருக்கு இதனைக் கற்பித்தனர். எழுத்தறிவும் அளவுக் கரண்டியும் இல்லாதவர்களுக்கு மூன்று விரல் நுனியால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர் என்பதே பாடம். தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தனர் என்பதைப் பின்னர் சோதித்து, அதற்கேற்பவே ஊழியருக்கு ஊதியம் வழங்கினர். சொல்லிவிட்டு வருவதோடு ஆசிரியர் வேலை முடிந்துவிடுவதில்லை அன்றோ? மஹலானபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டின் நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் 100-க்கு ஏறத்தாழ 61 பேருக்கே ஓ.ஆர்.எஸ். என்னும் இக்கரைசல் கிடைத்தது. எஞ்சிய 39 குழந்தைகளுக்கு அது கிடைக்காததற்கு விலை மட்டுமே காரணம் என்று கூற இயலாது; செய்தி போய்ச் சேராததும் காரணமாகும்.

ஆகவே தாய்மார்கள் மனத்தில் கொள்ளவேண்டியவை சில. உலகச் சுகாதார நிறுவனம் ஏற்ற அளவில் தயாரான பொட்டலமே சிறந்தது. 1 லிட்டர் நீருக்கு என்று குறித்த பொட்டலத்தைப் பிரித்துப் பகுதியாக்காமல் முழுவதையும் 1 லிட்டர் தூய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பொட்டலம் இல்லையேல் 1 லிட்டர் தூய நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுந்தால் தீங்கு நேரும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பின்பும் 50 முதல் 100 மில்லி வரை சிறிது சிறிதாகப் புகட்டுக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் கரண்டியால் கொடுக்கலாம். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. மருத்துவர் கூறும் அளவில் துத்தநாக மாத்திரையை 10 முதல் 14 நாட்கள் கொடுத்தல் வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டாலும், கண்கள் குழிந்தாலும், குழந்தை குடிக்க மறுத்தாலும், சோர்ந்து உறங்கினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லுங்கள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு சொல் அயலூரில் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது தெரியும். வடநாட்டு மருந்தகத்தில் இந்தியிலோ வங்காளியிலோ கூறப்படும் அறிவுரை நம் தாயொருத்தியின் காதில் விழுந்தும் மனத்தில் இறங்காமற்போகலாம். 'ஓ.ஆர்.எஸ்.' என்ற மூன்றெழுத்தை எந்த மாநிலத்துக் கடைக்காரரும் அறிவார்; அதைச் சொல்லிக் கேளுங்கள். கரைக்கும் அளவை, ஊரிலிருந்து புதிதாக வந்து குடியேறிய அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தமிழில் ஒருமுறை சொல்லுங்கள். சொன்ன பின், அதை அவர் வாயால் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பதும் நல்லது.