மூன்று நிமிடமும் மூன்று மணி நேரமும்: முசிறி சுப்பிரமணிய ஐயரும் திருச்சி வட்டார இசை மரபும்

முன்னுரை

‘நகுமோமு’ எனத் தொடங்கும் தியாகராசர் கீர்த்தனையை இன்று மேடையில் பாடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சதுச்ருதி தைவதத்தோடு பாடுகிறார்கள். அதன் ராகமான ஆபேரி முன்பு 20-ஆம் மேளமான நடபைரவியைச் சார்ந்து, சுத்த தைவதத்தோடு ஒலித்தது. முசிறி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டு ஊரெங்கும் பரவிய பிறகே, 22-ஆம் மேளமான கரகரப்பிரியாவின் வழிவந்த இன்றைய வடிவம் நிலைபெற்றது என்று இசையறிஞர்கள் பலர் கருதுகின்றனர். ஒரு ஸ்வரத்தை இப்படி நாடு முழுவதும் மாற்றி நிறுத்தும் வலிமை எந்த ஜமீனுக்கும் எந்தச் சபாவுக்கும் வாய்த்ததில்லை. தட்டுக்கு வாய்த்தது.

ஆனால் ரசிகர்கள் முசிறியைக் கொண்டாடியது முதன்மையாக நிரவலுக்காக. பாட்டின் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதன் சொற்கள் தாளத்தில் விழும் இடம் பிசகாமல், ராகத்தைத் திரும்பத் திரும்ப விரித்துச் செல்வது நிரவல். மூன்று நிமிடத் தட்டில் அதற்கு இடமில்லை. ஆகவே, அவருடைய பாட்டை உலகறியச் செய்த அதே ஊடகம் அவருடைய தனித்திறனை வெளியே நிறுத்திவிட்டது.

இந்த முரணை முன்வைத்து, திருச்சிராப்பள்ளி வட்டாரத்து இசை 20-ஆம் நூற்றாண்டில் சபா, இசைத்தட்டு, பேசும்படம், வானொலி, கல்லூரி என்று கைமாறி வந்த வரலாற்றை இக்கட்டுரை தொடர்கிறது. ஒவ்வொரு புதிய அமைப்பும் மரபின் ஒரு பகுதியைக் காத்தது. தன் கால அளவுக்குள் அடங்காததை விட்டுவிட்டது. விடுபட்டவை பிழைத்தது ஆசிரியர் வழியாக மட்டுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முசிறியும் திருச்சியும்: சபாவின் காலம்

இங்கே பேசப்படும் முசிறி, சங்கப் பாடல்கள் சொல்லும் சேரர் துறைமுகம் அன்று. திருச்சிக்கு மேற்கே, காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு எதிரே உள்ள ஊர். சுப்பிரமணிய ஐயர் 1899 ஏப்ரல் 9 அன்று இம்மாவட்டத்துப் பொம்மலபாளையத்தில் பிறந்தார். எஸ். நாராயணசாமி ஐயர், கே.வி. சீனிவாச ஐயங்கார், டி.எஸ். சபேசய்யர் ஆகியோரிடம் பயின்றார். சபேசய்யர் மகா வைத்தியநாதையரின் மாணவர். மகா வைத்தியநாதையரோ தியாகராசரின் மாணவரான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் கற்றவர். நான்கு தலைமுறை ஆசிரியர்கள் கையளித்த வித்தை இது. எழுதிவைத்த ஏட்டைக் காட்டிலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பாடத்தையே அது நம்பியிருந்தது.

அக்காலத் திருச்சியில் கலைக்குப் பொது இடமாக விளங்கியது ரசிக ரஞ்சன சபா. 1914-இல் தொடங்கிய இச்சபாவுக்கு உயிராக இருந்தவர் எஃப்.ஜி. நடேச ஐயர், தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி, தானே நடிகர். ‘அரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசன் வேடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த சிறுவன்தான் பின்னாளில் எம்.கே. தியாகராஜ பாகவதர். ரயில்வே சம்பளமும் வக்கீல் வருமானமும் வணிகர் நன்கொடையும் சேர்ந்து உருவாக்கிய புதிய புரவலர் வட்டம் அது. அரசவை மறைந்த இடத்தில் உறுப்பினர் சந்தா வந்தது.

சபா கொண்டுவந்த மாற்றம் பெரிது. ஆனாலும் நேரத்தை அது குறுக்கவில்லை. மூன்று நான்கு மணி நேரக் கச்சேரியில் விரிந்த ராக ஆலாபனைக்கும் நிரவலுக்கும் போதிய இடமிருந்தது. ஒலிபெருக்கி இல்லாத கூடத்தில் கடைசி வரிசைவரை கேட்கவேண்டும் என்பதால் உச்ச ஸ்தாயிக் குரலுக்கு மதிப்பு அதிகம். நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா அதில் கொடிகட்டிப் பறந்தார். எடுப்பான சுருதியில் பாடிய முசிறியும் அந்தக் காலத்துச் செவிக்குரியவரே.

இசைத்தட்டும் பேசும்படமும்

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேல் ஓடும். பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். சங்கதிகளில் சில மட்டுமே தங்கும். ஆலாபனை ஒரு கோடு காட்டிவிட்டு நிற்கும். இந்தக் கட்டாயத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. சபாவின் வாசற்படி ஏற முடியாதவர்கள், சாதியாலும் பணத்தாலும் விலக்கப்பட்டவர்கள், தேநீர்க் கடையிலும் திருவிழாப் பந்தலிலும் முதன்முறையாக இந்த இசையைக் கேட்டார்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘திருவடி சரணம்’ போன்ற தமிழ்ப் பாடலும் முசிறியின் பெயரோடு சேர்ந்தே மக்கள் நினைவில் நின்றது.

தட்டு ஒருமுறை அச்சானால் அதில் பாடியது பாடியதுதான். கேட்டுப் பழகிய வடிவமே சரியான வடிவம் என்ற எண்ணம் அதனால் வேரூன்றியது. ஆபேரிக்கு நேர்ந்தது இதுவே. மேடையில் நாளுக்கொரு விதமாக வளரக்கூடிய பாட்டு, தட்டில் ஒரே முகத்தோடு உறைந்தது.

பேசும்படம் முசிறியை ஒரே ஒரு முறை இழுத்தது. பி.என். ராவ் இயக்கத்தில் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோஸ் எடுத்து 1938-இல் வெளிவந்த ‘துக்காராம்’ படத்தில் அவர் கதாநாயகன். மராத்தியில் புனேயின் பிரபாத் நிறுவனம் 1936-இல் எடுத்த ‘சந்த் துக்காராம்’ பெற்ற வெற்றியின் சூட்டில் வந்த படம் இது. அதன்பின் அவர் நடிக்கவில்லை. அதே மாவட்டத்தில் வளர்ந்த பாகவதர் சினிமாவைத் தன் மேடையாக்கிக்கொண்டார். 1934-இன் ‘பவளக்கொடி’ தொடங்கி, பாபநாசம் சிவனின் தமிழ்ப் பாடல்கள் கர்நாடக ராகங்களில் அவர் குரலில் வீதிக்கு வந்தன. தமிழில் பாடலாமா என்று வித்வான்கள் சபையில் விவாதம் எழும் முன்பே மாட்டுவண்டிக்காரர் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வானொலியும் மொழிப் போராட்டமும்

1938 ஆகஸ்ட் 1 அன்று கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் படை திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்கு நடைப்பயணம் கிளம்பியது. பட்டுக்கோட்டை அழகிரியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதில் நடந்தனர். அவர்கள் எதிர்த்தது சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜியின் அரசை. பத்து மாதம் முடிவதற்குள், 1939 மே 16 அன்று, அதே ராஜாஜி திருச்சி வானொலி நிலையத்தைத் தொடங்கிவைத்தார். கட்டாய இந்தி 1940 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அரசே நடத்தும் ஊடகம் எந்த மொழியில், எந்த இசையை, எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்ற கேள்வி திருச்சியைப் பொறுத்தவரை இப்படி ஒரு கொந்தளிப்பின் நடுவே பிறந்தது.

தமிழிசை இயக்கம் அந்தக் கேள்வியைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தது. தமிழ்ப் பாட்டுகள் கடைசியில் துக்கடாவாக வைக்கப்படும் வழக்கத்தை மாற்றவேண்டும் என்று 1941 ஆகஸ்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. கல்கியும் டி.கே. சிதம்பரநாத முதலியாரும் எழுத்தால் துணைநின்றனர். இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜி தமிழிசையை ஆதரித்தார் என்பதும் நோக்கத்தக்கது. இசைக்கு மொழி முதன்மையாகாது என்ற நிலையில் மியூசிக் அகாடமி நின்றது. 1939-இல் அந்த அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றவர் முசிறி.

வானொலி மூன்று வகையில் மரபைத் திருத்தியது. முதலாவது, நேரம். கால் மணி, அரை மணி என்று கடிகாரம் பிடித்துப் பாட நேர்ந்தது. தட்டைவிடத் தாராளம், சபாவைவிட நெருக்கடி. இரண்டாவது, கருவி. 1940 மார்ச் 1 முதல் வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. ஆர்மோனியத்தை நம்பி வளர்ந்த நாடக இசைக்கு அது ஒலிவாங்கியின் முன் கதவடைப்பாயிற்று. நடேச ஐயரும் பாகவதரும் வளர்த்த திருச்சி மேடைக்கு இதன் பொருள் எளிதில் புரிந்திருக்கும். மூன்றாவது, தேர்வு. பி.வி. கேஸ்கர் 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பின் குரல் தேர்வுக் குழுவும் ஏ, பி-ஹை, பி என்ற தரப் பட்டியலும் கலைஞரின் பிழைப்பைத் தீர்மானித்தன. யார் பாடலாம் என்று சொன்ன மிராசுதாரின் இடத்தில் அலுவலகக் கோப்பு வந்து உட்கார்ந்தது.

கேஸ்கர் திரைப்பாடல்களை ஒடுக்கியதும் தமிழ்க் கேட்பாளர் இலங்கை வானொலியின் அலைவரிசைக்குத் திரும்பினர். 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கியது அந்த இழப்பை ஈடுகட்டத்தான். செவ்வியல் இசையை அதிகாரத்தால் காப்பாற்ற முயன்றால் கேட்பவர் வேறிடம் போவார் என்பதை ஆசியா முழுவதற்கும் பொருந்தும் பாடமாக அந்த ஐந்தாண்டுகள் காட்டின. அதேவேளை, நிலையக் கலைஞர் என்ற மாதச் சம்பளப் பணி இல்லாவிட்டால் எத்தனையோ வித்வான்கள் தொழிலைவிட்டே போயிருப்பார்கள். வானொலியின் கணக்கில் இரண்டு பக்கத்தையும் எழுதவேண்டும்.

கல்லூரி: குருகுலத்தின் மாற்றுருவம்

1940களின் நடுவில் உடல்நலம் குன்றி மேடையைக் குறைத்துக்கொண்ட முசிறி, 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய கர்நாடக இசைக் கல்லூரியின் முதல் முதல்வரானார். 1965 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1971-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 1975 மார்ச் 25 அன்று மறைந்தார். மேடையைக் குறைத்துக்கொண்ட பிறகுதான் அவர் மரபுக்குச் செய்த பெரும்பணி தொடங்கியது எனலாம். டி.கே. கோவிந்தராவ், மணி கிருஷ்ணசாமி, சுகுணா புருஷோத்தமன், சுகுணா வரதாச்சாரி என்று நீளும் மாணவர் வரிசையே அவருடைய நிரவலை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சென்றது. இவர்களில் முதலிருவரும் பின்னாளில் சங்கீத கலாநிதி ஆயினர். மாணவியர் எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது: பழைய குருகுலம் பெரும்பாலும் திறக்காத கதவைக் கல்லூரி திறந்தது.

விலையும் உண்டு. அதைக் கொடுத்தது திருச்சி வட்டாரம். ஆலத்தூர் சகோதரர்கள், லால்குடி ஜெயராமன் எனப் பெயரிலேயே ஊரைச் சுமந்த கலைஞர்கள் பெயர்பெற்றது சென்னை மேடையில். மயிலாப்பூரில் முசிறியின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. முசிறியிலோ அவர் பாணியைக் கற்க நாடத்தக்க பெயர்பெற்ற பள்ளி உருவாகவில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளி மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பாகக் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம் முதலியவற்றைக் கற்பிக்கிறது. 1977-இல் திருச்சியில் தொடங்கிய கலைக் காவிரி, கிறித்தவத் துறவியர் முயற்சியால் இசையையும் பரதத்தையும் புதிய சமூகங்களுக்குக் கொண்டுசென்றது. இவை அரிய பணிகள். ஆயினும் மூன்றாண்டுப் பாடத்திட்டம் கீர்த்தனையைக் கொடுக்கும். நிரவல் பயில அதற்கு மேலும் ஆண்டுகள் வேண்டும்.

திருவரங்கம்: ஊடகத்துக்கு வெளியே ஒரு மரபு

ஒப்புநோக்க அதே காவிரிக்கரையில் வேறொரு மரபு இருக்கிறது. திருவரங்கம் கோயிலில் மார்கழி அத்யயன உற்சவத்தின் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அரையர் சேவை நடக்கிறது. நாதமுனிகள் வகுத்த வழி என்று வைணவ மரபு சொல்லும் இச்சேவையில், குல்லாய் அணிந்து கைத்தாளம் பிடித்த அரையர்கள் திவ்வியப் பிரபந்தப் பாசுரங்களை இசைத்து, அபிநயம் பிடித்து, வியாக்கியானம் சொல்வார்கள். திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்து மேலுக்கோட்டை தவிர வேறெங்கும் இது தொடர்வது அரிது.

அரையர் சேவை தட்டுக்கோ திரைக்கோ தன்னை வெட்டிக்கொள்ளவில்லை. அதன் கால அளவைத் தீர்மானிப்பது உற்சவம். அதனால் முழுமை காக்கப்பட்டது. ஆனால் குடும்ப வழியில் ஆண்களுக்கு மட்டும் உரிய உரிமையாக இருப்பதால், ஒரு வீட்டுப் பிள்ளை வேறு வேலைக்குப் போனால் மரபின் ஒரு கிளையே முறிகிறது. முசிறியின் மரபு குருதியைக் கடந்து மாணவருக்குப் போனதால் பெருகியது. கோயிலின் கட்டடப் பாதுகாப்புக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் விருது கிடைத்தது. கல்லைச் சீர்செய்யத் திட்டமும் நிதியும் வகுக்கலாம். அரையரை உருவாக்க அதற்கிணையான ஏற்பாடு வேண்டும்.

ஆசியப் பின்னணி

ஜப்பான் 1950-இல் இயற்றிய பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தை 1954-இல் திருத்தி, கலையைத் தாங்கும் மனிதரையே அரசு அங்கீகரிக்க வழிசெய்தது. ‘வாழும் தேசியச் செல்வம்’ என அழைக்கப்படும் அவர்களுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் யென் கிடைக்கிறது. வித்தையைக் கற்பிப்பதும் அவர்கள் கடமை. கொரியா 1962-இல் அதேபோன்ற சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அங்கே ‘மூல வடிவம்’ மாறக்கூடாது என்ற விதி பான்சோரி போன்ற வாய்மொழிக் கலைகளை இறுக்கிவிட்டதாக விமர்சனம் எழுந்து, 2015-இன் புதிய சட்டம் அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. நம் ஆபேரியைத் தட்டு உறையவைத்தது. கொரியக் கலையைச் சட்டமே உறையவைத்தது. இரண்டிலும் ஒருநாள் வடிவம் என்றைக்குமான வடிவமாயிற்று.

முடிவுரை

திருச்சி வட்டாரத்தின் அனுபவத்திலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, புதிய ஊடகத்தை மரபின் பகைவனாகப் பார்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. தட்டும் சினிமாவும் வானொலியும் கேட்பவரைப் பெருக்கின. தமிழ்ப் பாட்டுக்கு இடம் வாங்கித்தந்ததில் சினிமாவின் பங்கு மாநாடுகளின் பங்குக்குக் குறைந்ததன்று. இரண்டு, பதிவு செய்து சேமித்துவிட்டால் மரபு காக்கப்பட்டது என்று கொள்வதும் பொருந்தாது. இன்று கைபேசியில் கால அளவுக்கு வரம்பே இல்லை. மூன்று மணி நேரக் கச்சேரியை முழுதாக வைக்கலாம். ஆனால் நிரவல் என்பது கேட்டதைத் திருப்பிச் சொல்வதன்று, அந்த நொடியில் செய்வது. தவறும்போது திருத்த ஒருவர் எதிரே இருக்கவேண்டும்.

ஆகவே அரசும் அறக்கட்டளைகளும் பதிவுக்கூடங்களுக்கு ஒதுக்கும் தொகைக்கு இணையாக, மூத்த கலைஞர் ஒருவரிடம் மாணவர் பத்தாண்டு பயில ஊதியம் ஒதுக்கவேண்டும்; அந்தப் பயிற்சி முசிறி, லால்குடி, திருவரங்கம் போன்ற ஊர்களிலேயே நடக்கவேண்டும். பண்பாட்டுத் துறைகளின் ஆண்டறிக்கை எத்தனை மணி நேரம் பதிவானது என்பதோடு எத்தனை மணி நேரம் கற்பிக்கப்பட்டது என்பதையும் சொல்லத் தொடங்கினால், மரபுக்கு எங்கே பற்றாக்குறை என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.