குழந்தையும் திரையும்

ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் பிரித்தானியாவில் ஒரு விந்தையான வழக்கம் நிலவியது. மாலை 6 மணி ஆனதும் தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்றுவிடும். 7 மணி வரை திரை வெறுமையாகவே கிடக்கும். இஃது இயந்திரக் கோளாறன்று. சிறு பிள்ளைகளைப் படுக்கைக்கு அனுப்பவும், வளர்ந்த பிள்ளைகளைப் பாடப் புத்தகங்களின்முன் இருத்தவும், பெற்றோருக்கு இடையூறற்ற ஒரு மணி நேரம் வேண்டும் என்று கருதியே அவ்வேற்பாடு செய்யப்பட்டிருந்தது. மக்கள் அதனை 'மழலையர் போர்நிறுத்தம்' என வேடிக்கையாக அழைத்தனர். 1955ஆம் ஆண்டில் வர்த்தகத் தொலைக்காட்சி தோன்றியது. விளம்பர வருமானத்தை நம்பி வாழ்ந்த அந்நிலையங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்தை இழப்பது பெருநட்டமாகத் தோன்றியது. 1957ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

அன்றுமுதல், திரையை அணைக்கும் பொறுப்பு நிலையத்தாரிடமிருந்து வீட்டாரிடம் வந்து சேர்ந்தது. அப்பொறுப்பு எத்துணைப் பெரியது என்பதை அறிஞர் உலகம் படிப்படியாகவே உணர்ந்தது. அவ்வாறு உணர்ந்த வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் வானொலியிலிருந்தே தொடங்குவோம். 1950ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தது. கதையும் பாட்டுமாகப் பதினைந்து நிமிடங்களே அது நீடிக்கும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அம்மாவுடன் கேளுங்கள்' என்பது. பின்னர் தொலைக்காட்சியில் வந்த குழந்தைகள் நிகழ்ச்சிக்கும் 'அம்மாவுடன் பாருங்கள்' என்றே பெயரிட்டனர். குழந்தை தனியே இருந்து கேட்பதன்று, தாயின் மடியிலிருந்து கேட்பதே முறை என்பதை அப்பெயர்கள் சொல்லாமற் சொல்லின. பெயரிட்டவர்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்த அந்த உண்மையை ஆராய்ச்சி உலகம் மெய்ப்பிக்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

தொலைக்காட்சியையும் பிள்ளைகளையும் பற்றிய முதற் பேராய்வுகளுள் ஒன்று இங்கிலாந்தில் நடைபெற்றது. உளவியலறிஞர் ஹில்டா ஹிம்மல்வைட் அம்மையாரும் அவருடைய குழுவினரும் பத்து முதல் பதினான்கு வயது வரையிலான ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆராய்ந்து, 1958ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். தொலைக்காட்சி பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்றோரும், அறிவாளிகளாக்கிவிடும் என்றோரும் அந்நூலைப் படித்து ஒருங்கே ஏமாற்றமடைந்திருப்பர். அது கூறிய செய்தி வேறு. புதிதாக வந்த பொருள் ஏற்கனவே இருந்த ஏதோ ஒன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வானொலி கேட்ட நேரத்தையும், திரைப்படம் பார்த்த நேரத்தையும், சித்திரக் கதை படித்த நேரத்தையும் தொலைக்காட்சி தனதாக்கிக்கொண்டது. ஆகவே, திரை என்ன தருகிறது என்று மாத்திரம் கேட்டாற் போதாது. எதன் இடத்தை அது எடுத்துக்கொண்டது என்றும் கேட்டல் வேண்டும்.

இவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடை கனடாவிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு சிற்றூர். அது பள்ளத்தாக்கில் அமைந்திருந்தமையால், அயலூர்களில் எல்லாம் தொலைக்காட்சி பரவிய பின்னரும் அங்கு மாத்திரம் அது எட்டவில்லை. 1973ஆம் ஆண்டில் அவ்வூருக்கும் தொலைக்காட்சி வரவிருந்தது. அது வருமுன்னரே பேராசிரியை டானிஸ் மக்பெத் வில்லியம்ஸ் என்பாரின் தலைமையில் ஆய்வாளர்கள் அங்கு சென்று பிள்ளைகளைச் சோதித்தனர். இரண்டாண்டுகள் கழித்து மீண்டும் சென்றனர். அவர்கள் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின்படி, முன்னர் வாசிப்புத் திறனிலும் புதுவது சிந்திக்கும் ஆற்றலிலும் அயலூர்ப் பிள்ளைகளை விஞ்சியிருந்த அவ்வூர்ச் சிறுவர், இரண்டாண்டுகளில் அம்மேன்மையை இழந்து மற்றவர்களோடு சமமாகிவிட்டனர். விளையாட்டிடத்தில் சண்டையும் சச்சரவும் மிகுந்தன. ஊர்ப் பொதுக் கூட்டங்களுக்கு வருவோர் தொகையும் குறைந்தது.

எனினும் திரையை முற்றாகப் பழித்தல் நேர்மையாகாது. 1969ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் 'செசமி வீதி' என்ற நிகழ்ச்சி தொடங்கிற்று. பாடசாலைக்குச் செல்லாத மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு, சிறப்பாக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, எழுத்தும் எண்ணும் கற்பித்தலே அதன் நோக்கம். அதனை மிகுதியாகப் பார்த்த பிள்ளைகள் மிகுதியாகக் கற்றனர் என்பதை ஆய்வுகள் காட்டின. நன்கு ஆய்ந்து ஆக்கப்பட்ட நிகழ்ச்சி, உரிய வயதில் நன்மை பயக்கும் என்பது அதனால் உறுதியாயிற்று.

ஆனால் உரிய வயது எது? இரண்டு வயதுக்கும் குறைந்த மதலைகளுக்கென்றே வீடியோ நாடாக்கள் அமெரிக்கச் சந்தையில் விற்பனைக்கு வந்த காலத்தில், 1999ஆம் ஆண்டில், அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம் இரண்டு வயது வரை தொலைக்காட்சியைத் தவிர்க்குமாறு பெற்றோரை வேண்டிக்கொண்டது. நான்காண்டுகளின் பின் ஒரு பரிசோதனை அவ்வேண்டுகோளின் பொருளைத் துலக்கிக் காட்டியது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீசியா கூல் என்ற அறிஞரும் அவர்தம் குழுவினரும், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோரை அனுப்பிப் பன்னிரண்டு முறை கதை படித்து விளையாடச் செய்தனர். அக்குழந்தைகள் சீன மொழியின் நுண்ணிய ஒலி வேறுபாடுகளைப் பகுத்தறியக் கற்றன. வேறொரு குழுவினருக்கு அதே மனிதரை அதே சொற்களோடு திரையிற் காட்டினர். அவை ஒன்றையும் கற்கவில்லை. மூன்றாவது குழுவினருக்கு ஒலியை மாத்திரம் கேட்பித்தனர். அவையும் கற்கவில்லை. நேயர்களே, வானொலியில் நின்று பேசும் நான் இதனை மறைத்தல் தகாது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரல், அது எத்துணை இனியதாயினும், மதலைக்கு மொழி கற்பிப்பதில்லை.

காரணம் என்ன? நேரில் இருப்பவர் குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். அது 'ங்கா' என்றால் தாமும் மறுமொழி கூறுகிறார். அது ஒரு பொருளை நோக்கினால் அப்பொருளின் பெயரைச் சொல்கிறார். திரையோ குழந்தை என்ன செய்தாலும் தன் பாட்டிலே ஓடிக்கொண்டிருக்கிறது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதனை உறுதி செய்தது. இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள், திரையிலே தோன்றியவர் தம்மோடு நேரடியாக உரையாடியபோது புதுச் சொற்களைக் கற்றன. பதிவு செய்த காட்சியிலிருந்து கற்கவில்லை. ஆகவே, குறை கண்ணாடித் திரையில் இல்லை. மறுமொழி இன்மையிலேயே உள்ளது. கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்துப் பாட்டியோடு தொலைபேசித் திரையிற் கொஞ்சும் பேரப்பிள்ளைக்கு அவ்வுரையாடல் நன்மையே தரும்.

மறுமொழியைத் தடுப்பது குழந்தை பார்க்கும் திரை மாத்திரமன்று. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வீட்டில் தொலைக்காட்சி ஒலிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் வளர்ந்தோர் பேச்சிலிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைகின்றன என்று கணக்கிட்டது. குழந்தை எழுப்பும் ஒலிகளும் அதற்கேற்பக் குறைந்தன.

இலங்கையில் 1979ஆம் ஆண்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியபோது, அது வீட்டின் ஒரு மூலையிலே நின்றது. 2007ஆம் ஆண்டுக்குப் பின் உலகெங்கும் பரவிய தொடுதிரைத் தொலைபேசியோ கையோடு திரிகிறது. உணவுண்ணும்போதும் உறங்கும்போதும் கூட வருகிறது. 2020ஆம் ஆண்டில் கொள்ளை நோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்களே தொலைபேசி வழியாக வீடு தேடி வந்தன. தமையன் பாடம் படித்த அதே திரையைத் தங்கையின் பிஞ்சு விரலும் தேடியதில் வியப்பில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வகுத்தது. ஒரு வயதுக் குழந்தைக்குங்கூட அமர்ந்து திரை பார்க்கும் நேரம் வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. அதனினும் குறைவாயின் நன்று என்பது அதன் சாரம். இதனைக் கேட்டு, அடுப்படியிலே அரிசி கொதிக்கக் குழந்தை அழும் வேளையில் தொலைபேசியைக் கொடுத்த தாய் குற்றவாளியாகத் தன்னை எண்ணி வருந்த வேண்டுவதில்லை. உதவிக்கு ஆளில்லாத வீடுகளிலே திரை ஓர் ஆயாவாக நிற்கிறது. அந்நிலைக்குத் தாய் மாத்திரம் பொறுப்பல்லள். தந்தையும் சுற்றத்தாரும் சமூகமும் பொறுப்பாவர்.

மழலையர் போர்நிறுத்தத்தை இனி எந்த நிலையமும் நமக்காக அறிவிக்கப் போவதில்லை. ஆயினும் ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு மணி நேரத்தை வகுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்திலே எல்லாத் திரைகளும் இருளட்டும். வேண்டுமாயின் இந்த வானொலிப் பெட்டியும் மௌனமாகட்டும். குழந்தை சொல்லும் பொருளற்ற சொல்லுக்கு ஒரு முகம் திரும்பி மறுமொழி கூறட்டும்.