கணையத் திட்டுகள் – 9: முயல் சொன்ன சாட்சி

சாவின் விளிம்பிலிருந்து மீண்ட லெனார்ட் தாம்ப்ஸனைக் கட்டிலில் எழுந்து உட்காரவைத்துவிட்டுப் போன வாரம் விடைபெற்றோம். 1922 ஜனவரி, டொராண்டோ பொது மருத்துவமனை. சர்க்கரை நோயால் செத்துக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையன், இன்சுலின் ஊசியால் பிழைத்துவிட்டான். அவனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களில் ஒருவர் வால்டர் கேம்ப்பெல். அவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் அவர் மறுபடி வருவார்.

அதே குளிர்காலத்தில், அதே ஊரில், அந்த இன்சுலினைச் சுத்திகரித்த வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் தன் ஆய்வுக்கூடத்தில் ஒரு விபரீதத்தைப் பார்த்தார். சுத்திகரித்த கணையச் சாற்றுக்கு, அதாவது இன்சுலினுக்கு, எவ்வளவு வீரியம் என்று அறிய முயல்களுக்கு ஊசி போடுவது அவர் வழக்கம். அளவு கூடிப்போனால் முயல் முதலில் பரபரக்கும். அகோரப் பசியோடு எதையாவது தின்னப் பார்க்கும். பிறகு தலை பின்னுக்கு வளையும், ஓடுவதுபோலக் கால்கள் வெட்டி இழுக்கும், வலிப்பு. போய்விட்டது என்று நினைக்கிற நேரத்தில் குளுக்கோஸ் கரைசலை ஏற்றினால், சில நிமிடங்களில் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்காரும்.

இன்று வீட்டில் ‘காலையில் பத்து யூனிட், ராத்திரி எட்டு யூனிட்’ என்று எண்ணுகிறோமே, அந்த யூனிட்டை முதன்முதலில் வரையறுத்ததே இந்த முயல்களை வைத்துத்தான். பட்டினி போட்ட முயலின் ரத்தச் சர்க்கரை, வலிப்பு வரும் அளவுக்கு இறங்க எவ்வளவு மருந்து வேண்டும் என்பதே கணக்கு.

சீக்கிரமே நோயாளிகளிடமும் இப்படிச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதைக் கண்டார்கள். ஊசி கொஞ்சம் கூடினால் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. பழச்சாறோ சர்க்கரையோ கொடுத்ததும் தெளிந்தார்கள். சர்க்கரை இறங்கினால் மனிதன் எப்படி ஆவான் என்பது மருத்துவ உலகத்துக்கு அப்போதுதான் கண்முன்னே தெரிந்தது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் என்ற ஊரில், சீல் ஹாரிஸ் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் வியர்த்து, நடுங்கி, தலைசுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு அவரிடம் வந்தவர்கள் உண்டு. அச்சு அசலாக இன்சுலின் அதிகமானவர்களின் அதே அறிகுறிகள். ஆனால், இவர்கள் யாரும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அல்லர்!

அப்படியானால் அவர்கள் உடம்புக்குள்ளேயே யாரோ ஊசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். கணையமே தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்கும் நோய் ஒன்று இருக்கக்கூடும் என்று 1924-ல் ஹாரிஸ் எழுதினார். அது ஊகம்தான். நிரூபிக்க அவரிடம் ஒரு கணையம்கூட இல்லை.

✦

1926-ன் கடைசி. மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்குக்கு ஒரு நோயாளி வந்தார். அவரே ஓர் அறுவை மருத்துவர். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே பசி, நடுக்கம், நினைவுத் தடுமாற்றம். எதையாவது சாப்பிட்டால் சரியாகிவிடும். நாளாக ஆக, அந்த இடைவெளி குறுகிக்கொண்டே வந்தது. சர்க்கரை கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அவரை நினைவோடு வைத்திருக்க முடியும் என்ற நிலை.

அவரைக் கவனித்த ரஸ்ஸல் வைல்டர், இன்சுலின் சிகிச்சையில் ஊறியவர். ரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வயிற்றைத் திறந்தே ஆகவேண்டும். கத்தியைக் கையில் எடுத்தவர், அந்த மருத்துவமனையை உருவாக்கிய சகோதரர்களில் மூத்தவரான வில்லியம் மேயோ.

திறந்தார். கணையத்தில் கட்டி இருந்தது. அது மட்டுமல்ல, கல்லீரலிலும் கட்டிகள். புற்றுநோய் பரவிவிட்டிருந்தது. எடுக்க வழியில்லை என்று வயிற்றை மூடிவிட்டார்.

சில வாரங்களில் அந்த மருத்துவர் இறந்துபோனார். ஆனால், வைல்டர் அங்கே நிறுத்தவில்லை. பிரேதப் பரிசோதனையில் கல்லீரலிலிருந்து கட்டியை எடுத்து, இன்சுலின் தயாரிக்கும் அதே முறையில் அதிலிருந்து சாறு இறக்கினார்கள். அதை ஒரு முயலுக்குச் செலுத்தினார்கள்.

முயலின் ரத்தச் சர்க்கரை இறங்கியது.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். கல்லீரலுக்கு இன்சுலின் சுரக்கத் தெரியாது. கணையத் திட்டில், அதாவது இன்சுலின் சுரக்கும் செல்கூட்டத்தில், பிறந்த செல்கள் கல்லீரலில் குடியேறிய பிறகும், தங்கள் பிறவித் தொழிலை விடாமல் செய்துகொண்டிருந்தன. கட்டியே ஒரு சுரப்பியாக வேலை பார்க்கும் என்பதற்கு அந்த முயல் சாட்சி சொன்னது. 1927-ல் வைல்டர் குழுவின் கட்டுரை வந்தபோது, ஹாரிஸின் ஊகம் உண்மை என்றாகிவிட்டது.

இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கட்டியை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1902-ல், மான்ட்ரியாலில் ஆல்பர்ட் நிக்கோல்ஸ் என்பவர் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியிருந்தார். கணையத் திட்டிலிருந்து முளைத்த சிறு கட்டி என்பது அவருக்குத் தெரிந்தது. அது என்ன செய்யும் என்பதை அறிய வழியில்லை. இன்சுலின் என்ற ஒன்றே அப்போது யாருக்கும் தெரியாது. நோய்க்கு மருந்து தேடுவதுதான் வழக்கம். இங்கே மருந்து முதலில் வந்தது. அதன் அளவு மீறியபோதுதான் நோய் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் இந்தக் கட்டியோடு வாழ்ந்தவர்கள் வலிப்புக்காரர், குடிகாரர், புத்தி பேதலித்தவர் என்ற பெயரோடு செத்திருப்பார்கள். எத்தனை பேர் என்ற கணக்கு யாரிடமும் கிடையாது.

✦

1929. மறுபடியும் டொராண்டோ. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணிக்கு வலிப்பு, மயக்கம். அவரைப் பார்த்தவர்களில் ஒருவர், நரம்பியல் மருத்துவர் கோல்ட்வின் ஹவ்லண்ட். இன்னொருவர், நாம் ஞாபகத்தில் வைத்திருக்கும் வால்டர் கேம்ப்பெல். ஏழாண்டுகளுக்கு முன் இன்சுலின் இல்லாமல் செத்துக்கொண்டிருந்த பையனின் கட்டிலருகே நின்றவர், இப்போது இன்சுலின் மிகுந்துபோய்த் தவிக்கும் பெண்ணின் கட்டிலருகே நின்றார்.

அறுவை செய்தவர் ராஸ்கோ கிரஹாம். எக்ஸ்ரேயில் தெரியாத, வெளியிலிருந்து தட்டுப்படாத கட்டி. வயிற்றைத் திறந்து, கணையத்தை விரல்களால் தடவித்தான் தேட வேண்டும். தேடினார். விரலில் தட்டுப்பட்டது, ஒரு சின்னக் கட்டி. பரவல் எதுவும் இல்லை. அதை மட்டும் எடுத்தார். வலிப்பு நின்றது. இத்தகைய கட்டியை எடுத்து ஒருவரைக் குணப்படுத்தியது உலகிலேயே அதுதான் முதல்முறை.

செய்தி பரவியதும் வேறொரு ஆபத்து முளைத்தது. களைப்பு, படபடப்பு என்று வந்தவர்களின் வயிற்றையெல்லாம் திறக்க ஆரம்பித்தால் என்ன ஆவது? கணையம் கத்தியைப் பொறுக்காத உறுப்பு. கீறிய இடத்தில் கசியும் செரிமான நீர் பக்கத்திலுள்ள சதையையே அரிக்கும். கட்டி இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் உள்ளே போகக் கூடாது.

அதற்கு வாசல் வைத்தவர்கள் நியூயார்க்கின் ஆலன் விப்பிளும் வர்ஜீனியா ஃப்ரான்ட்ஸும். 1935-ல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை மூன்று நிபந்தனைகள் விதித்தது. பட்டினி கிடக்கும்போது அறிகுறி வர வேண்டும்; அந்த நேரத்தில் 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 50 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும்; குளுக்கோஸ் கொடுத்ததும் தெளிய வேண்டும். மூன்றும் இருந்தால்தான் கத்தி. இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள், ‘விப்பிள் முக்கூறு’ என்று. கட்டுரையில் இரண்டு பெயர்; விதிக்கு ஒரு பெயர். ஃப்ரான்ட்ஸ் அம்மையாரின் பெயரையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

இந்தக் கட்டிக்கு இன்சுலினோமா என்று பெயர். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் நான்கு பேருக்கு மட்டுமே வருகிற அபூர்வ நோய். பத்தில் ஒன்பது புற்றல்லாதவை, எடுத்தால் குணமாகும். பெரும்பாலானவை இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஸ்கேன் யுகத்திலும் சந்தேகத்தைத் தீர்க்க, நோயாளியை மருத்துவமனையில் வைத்து 72 மணி நேரம் வரை பட்டினி போட்டு, ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். விப்பிளும் ஃப்ரான்ட்ஸும் போட்ட பாதைதான் அது.

இன்சுலினைக் கொட்டும் கட்டி பிடிபட்டுவிட்டது. கணையத் திட்டுகளின் ரகசியம் இத்தோடு தீர்ந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

1955-ல் ஓஹையோவிலிருந்து ராபர்ட் ஸோலிங்கர், எட்வின் எல்லிஸன் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் வேறொரு செய்தியோடு வந்தார்கள். அவர்களுடைய நோயாளிகள் இரண்டு பெண்கள். ஒருவருக்கு வயது வெறும் 19. புண் வழக்கமாக வராத இடத்தில், சிறுகுடலின் நடுப்பகுதியில், புண். வயிற்றில் அமிலம் பெருக்கெடுத்தது. அறுவை செய்தார்கள், புண் திரும்ப வந்தது. மறுபடி செய்தார்கள், மறுபடி வந்தது. இரண்டு பேரின் கணையத்திலும் கட்டி இருந்தது. ஆனால், அது இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் பிறந்த கட்டியே அல்ல.

சர்க்கரையைத் தொடாத அந்தக் கட்டி, வேறெதை ரத்தத்தில் கலந்து இரைப்பையைக் கொதிக்க வைத்தது?

(அடுத்த வாரம் தொடரும்)