வட்டக்களரியும் படச்சட்ட மேடையும்: 'இராவணேசன்' அரங்கேறிய வரலாறு

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலுமுள்ள ஊர்களிலே கூத்து ஓரிரவு நிகழ்ச்சி மட்டுமன்று. ஊரவர் பல மாதம் ஒன்றுகூடிச் செய்யும் முயற்சியாகும். சட்டங்கொடுத்தல், சதங்கையணிதல், அடுக்குப்பார்த்தல் ஆகிய படிகளைக் கடந்தே அது களரியேறும். சபையோர் நாற்புறமும் சூழ்ந்திருக்க, அண்ணாவியாரின் மத்தளத்திற்கு இசைந்து விடியும்வரை ஆட்டம் தொடரும்.

இதற்கு மாறானது படச்சட்ட மேடை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில அரங்கு, சிரிப்பு நாடகத்திற்கும் சோக நாடகத்திற்கும் இம்மேடையையே பெரிதும் கையாண்டது. ஆங்கிலக் கல்வியோடு அது இலங்கையிலும் வேரூன்றியது. முன்திரை, ஒருபுறப் பார்வை, குறுகிய நேரம் என்பன அதன் இயல்புகள்.

இவ்விரு மரபுகளும் பேராதனையிலே சந்தித்தன. கிராமிய மரபைத் தழுவிச் சரச்சந்திரர் 1956இல் மேடையேற்றிய 'மனமே' சிங்கள அரங்கிற்குப் புதுவழி காட்டியது. தமிழில் அத்தகைய பணியை மேற்கொண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் நகைச்சுவை மிக்க 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்' என்பன மேடையேறின.

இவற்றுள் 'இராவணேசன்' தனித்துவமானது. முன்னையவை பழைய கூத்துகளைச் சுருக்கியமைத்தவை. இதுவோ வடமோடி ஆட்டத்தையும் பாடலையும் கொண்டு புதிதாக எழுதப்பட்டது. அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு, அன்று மாணவராயிருந்து இதனை எழுதி, இராவணனாகவும் ஆடினார். வீரமும் ஆரவாரமும் மேலோங்கிய பாத்திர மரபிலே, தன் வீழ்ச்சியை உணர்ந்தும் பணியாத ஒருவனின் அகப்போராட்டம் இடம்பெற்றது.

இம்மாற்றத்தினால் கூத்து கற்றோரிடை மதிப்புப் பெற்றது. தமிழர்க்கெனத் தேசிய நாடக மரபொன்று உண்டென்ற நம்பிக்கையும் வலுப்பெற்றது. ஆயினும் இழப்பும் நேர்ந்தது. விடியும்வரை ஆடிய கலை ஓரிரு மணித்தியாலத்துள் அடங்கியது; களரியைச் சூழ்ந்திருந்த ஊரவரின் இடத்தை இருட்டிலே அமர்ந்த பார்வையாளர் பெற்றனர்.

பின்னாளில் மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'இராவணேசனை'ப் புதுக்கி மேடையேற்றினார். மறுபுறம், 2000களின் தொடக்கத்திலே சி. ஜெயசங்கர் சீலாமுனை மக்களோடு இணைந்து, கூத்தை அதன் களரியிலேயே மீளுருவாக்க முனைந்தார். முன்னையது கலையின் செம்மையையும், பின்னையது கலைக்குரிய சமூகத்தையும் முதன்மைப்படுத்தின.

ஆகவே ஒரு நாடகத்தின் அரங்கேற்ற வரலாறு அதன் ஏட்டிலே மட்டும் அடங்குவதன்று. மேடை மாறும்போது சபையும் மாறுகின்றது. சபை மாறும்போது கலையின் பொருளும் மாறுகின்றது. மட்டக்களப்புக் கூத்தை ஆராய்வோர் ஆட்டத்தோடு சபையையும் நோக்குதல் வேண்டும்.