ஊவா மலையடியில் கிடக்கும் கடல் வரலாறு

நமுனுகுல என்ற சிங்களச் சொல்லுக்கு ஒன்பது சிகரங்கள் என்பது பொருள். பதுளைக்கும் பசறைக்கும் எல்லவுக்கும் அருகே 2036 மீற்றர் உயரத்தில் நிற்கும் அம்மலையைத் தேயிலையோடும் பனிமூட்டத்தோடும் சேர்த்து நினைப்பதே நமது வழக்கம். கடலோடு சேர்த்து நினைப்பவர் அரியர். ஆயினும் அம்மலைத்தொடரிலும் அதனை அடுத்த ஊவாச் சரிவுகளிலும் பெய்யும் மழையின் ஒரு பங்கு பதுளு ஓயா வழியாக மகாவலியில் கலந்து திருகோணமலையை நோக்கிப் போகிறது. மறுபங்கு, கிரிந்தி ஓயாவாகத் திஸ்ஸமகாராமையையும் மாணிக்க கங்கையாகக் கதிர்காமத்தையும் கடந்து தென்கிழக்குக் கடலில் விழுகிறது. இலங்கையில் கடலடித் தொல்லியல் என்ற துறையைப் பற்றிப் பேசுவோர் இந்தத் தென்கிழக்குக் கடலிலிருந்தே பேச்சைத் தொடங்க வேண்டியவராகின்றனர்.

யால வனத்துக்கு அப்பால் கடலுக்குள் மறைந்து கிடக்கும் பாறைத் தொடருக்கு ஆங்கிலேயர் கிரேட் பாசஸ் எனப் பெயரிட்டனர். அங்கே 1873 இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்படும் வரை அது மாலுமிகளுக்கு யமனாகவே இருந்தது. 1961 மார்ச் மாதம், திரைப்பட இயக்குநர் மைக் வில்சனும் அவருடன் சென்ற இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் அப்பாறைகளுக்கு இடையே வெள்ளி நாணயங்களைக் கண்டனர். மூட்டை மூட்டையாகக் கட்டி ஏற்றப்பட்ட நாணயங்கள், மூட்டையின் துணி அழிந்த பின்னரும் அதன் வடிவிலேயே இறுகிக் கட்டியாகியிருந்தன. மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயரால் சூரத் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை அவை. பொறிக்கப்பட்ட ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது கிறிஸ்து ஆண்டு 1702 ஐ ஒட்டியது. வில்சனின் நண்பரான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1964 இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் கப்பலின் பெயரை எவரும் உறுதியாகக் கூறவில்லை. புதையல் என்ற சொல் முந்திக்கொண்ட இடத்தில், அதனைச் செலுத்தியவர் யார், எவருடைய சரக்கு, எந்தத் துறைக்குப் போனது என்ற கேள்விகள் பிந்திவிட்டன.

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே கரையில் கிடைத்த மற்றொரு கப்பலின் கதை வேறுவிதமானது. வளவை கங்கை கடலைச் சேரும் இடத்துக்கு அருகில் கொடவாய என்ற சிற்றூர் உண்டு. அங்குள்ள பாறைக் கல்வெட்டு, அத்துறைமுகத்தில் வசூலான சுங்கவரியைக் கமணி அபயன் என்ற அரசன் விகாரைக்கு அளித்ததைக் கூறுகிறது. இவன் இரண்டாம் நூற்றாண்டின் கஜபாகு மன்னன் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சிலப்பதிகாரம் கண்ணகி விழாவுக்கு வந்தவனாகச் சொல்லும் கயவாகுவும் இவனே என்பர். துறைமுகம் இருந்ததற்குக் கல்லில் சான்று இருந்தது. கடலில் சான்று இல்லாதிருந்தது. 2003 இல் சங்கு குளிக்கச் சென்ற மீனவர்கள் ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்தில் அச்சான்றைக் கண்டனர். தொல்பொருளியல் திணைக்களமும் மத்திய கலாசார நிதியத்தின் கடல்சார் தொல்லியல் பிரிவும் பின்னர் அவ்விடத்தை ஆராய்ந்தன. 2012 முதல் 2014 வரை அமெரிக்காவின் கடல்சார் தொல்லியல் நிறுவகமும் அகழ்வில் சேர்ந்தது.

அரைக்கும் கற்கள், கறுப்பு சிவப்பு மட்கலங்கள், இரும்புக் கட்டிகள், செப்புக் கட்டிகள், கண்ணாடிக் கட்டிகள் ஆகியவை அங்கே இருந்தன. மரத்துண்டுகளின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டியது. இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய கப்பற் சிதைவு இதுவே. கண்ணாடியின் வேதியியல் சேர்க்கையோ தென்னிந்திய, இலங்கை வட்டாரத்து வகை. பளபளக்கும் பொருள் ஒன்றேனும் இல்லாத இந்தச் சரக்கு, சூரத்து வெள்ளியைக் காட்டிலும் நமக்கு அதிகம் சொல்கிறது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. மணி கோப்பவனுக்கும் கொல்லனுக்கும் சமையற்கட்டுக்கும் போன சரக்கு அது.

இரும்பு என்றதும் ஊவாவின் வாசலில் உள்ள இன்னொரு மூழ்கிய இடத்தையும் சொல்லாமல் கடப்பதற்கில்லை. ஹப்புத்தளை மலைவிளிம்புக்குக் கீழே, வளவை கங்கை ஓடும் பள்ளத்தாக்கில், சமனலவெவ நீர்த்தேக்கம் 1992 இல் நிறைந்தது. அதற்கு முன் அங்கே ஆய்வு நடத்திய தொல்லியலாளர் கில் ஜூலெஃப், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்புருக்கு உலைகளின் வரிசைகளைக் கண்டார். துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே கொண்டு அவை எரிந்தன. ஓர் உலையை மீண்டும் கட்டி எரித்துக் காட்டி, 1996 இல் நேச்சர் ஏட்டில் அவர் அதை வெளியிட்டார். அவ்வுலைகள் பல கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலானவை. கொடவாய இரும்புக்கு மிகப் பிந்தியவை. ஒன்பதாம் நூற்றாண்டு அறபு அறிஞர் அல் கிந்தி, வாள்களைப் பற்றிய தமது நூலில் சரந்தீபின் உருக்கைப் பற்றிக் குறிப்பிடுவதை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். பக்தாதில் புகழ்பெற்ற உருக்கு நமது மலைக்காற்றில் பிறந்திருக்கக்கூடும் என்பது சிறிய செய்தியன்று. அந்த உலைகளில் பலவற்றின் மேல் இன்று மின்சாரத்துக்கான நீர் நிற்கிறது.

கடலடியில் ஒரு கப்பல் எப்படி நிலைத்திருக்கிறது? மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தைக் கப்பற்புழு துளைத்துத் தின்றுவிடும். மணலுக்குள் புதைந்த பகுதியில் காற்று இல்லாமையால் புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் வேலை குறைவு; மரம் நூற்றாண்டுகள் இருக்கும். ஆனால் அதனை வெளியே எடுத்து வெயிலில் வைத்தால் சுருங்கி வெடித்துப் பாழாகும். உப்பு நீக்கவே மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் ஆகும். எந்தப் பொருள் எதன் மேல் கிடந்தது என்பதிலிருந்தே எது முதலில் ஏற்றப்பட்டது, கப்பல் எப்பக்கம் சாய்ந்தது என்பன தெரியவரும். ஆகவே ஒரு பானையை நினைவுப் பொருளாக எடுத்து வருபவர் ஓர் ஏட்டின் பக்கத்தைக் கிழித்து வருபவருக்கு ஒப்பாவார். அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவைப் படகு ஏட்டையே கிழிக்கிறது.

காலித் துறைமுகத்தில் 1659 ஜூலை 2 ஆம் திகதி நங்கூரம் நழுவி உடைந்த அவொண்ட்ஸ்டர் என்ற டச்சுக் கம்பெனிக் கப்பலே இலங்கையில் மிக விரிவாக அகழப்பட்டது. பாக்கு ஏற்றிக்கொண்டு தென்னிந்தியக் கரைக்குப் புறப்படவிருந்த கப்பல் அது. 2001 முதல் 2004 வரை பணி நடந்தது. அவ்வாண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கடல்சார் தொல்லியல் பிரிவின் கட்டடத்தையும் பாதுகாப்புக் கூடத்தையும் தாக்கியது. கடலிலிருந்து மீட்டதைக் கடலே திரும்பக் கொண்டுபோயிற்று.

அந்த 1659 தமிழருக்கு வேறு வகையிலும் நினைவிருக்க வேண்டிய ஆண்டு. போராலும் பஞ்சத்தாலும் நிலைகுலைந்த தஞ்சைப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அவ்வாண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் டச்சுக் கம்பெனி விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாகக் கொண்டுசென்றது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின், அதே தமிழ்க்கரையிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் தோணிகளிலும் கப்பல்களிலும் வரலாயினர். சட்டத்தின் கண்ணில் இவர்கள் அடிமைகளல்லர். நெருக்கி ஏற்றப்பட்ட விதத்தில் பெரிய வேறுபாடு இருந்ததா என்பது வேறு கேள்வி. 1864 இல் தொழிலாளரை ஏற்றிவந்த ஆதிலட்சுமி என்ற கப்பல் கடலில் மூழ்கியது. மலையக வரலாற்று நூல்கள் 120 பேரைக் குறிப்பிட்டு அதனை நினைவுகூர்கின்றன. பதுளையிலோ பசறையிலோ பாடசாலைப் பிள்ளைகள் எத்தனை பேர் இப்பெயரைக் கேட்டிருப்பார்கள்?

மூழ்கிய நகரம் என்றால் பூம்புகாரையும் குமரிக்கண்டத்தையும் சொல்லிப் பெருமூச்சு விடும் நாம், நமது பாட்டன்மார் நடந்து வந்த ஊர் ஒன்று அழிந்ததை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது முதல், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்த தொழிலாளர் அவ்வழியாகவே தோட்டங்களுக்கு வந்தனர். 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கடல் வாரிக்கொண்டது. ஊரின் ஒரு பகுதி இன்று நீருக்குள். மீதி மணலில் நிற்கும் சுவர்கள். அதற்கு இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னர்தான், ஒக்டோபர் 30 ஆம் திகதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் முடிவாகி, 150,000 பேரின் கதி பின்னைக்கு விடப்பட்டது. வந்த வாசல் அழிந்த ஆண்டிலேயே போகும் கட்டளையும் பிறந்தது. திருப்பி அனுப்பப்பட்டோர் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்தில் இறங்க நேர்ந்தது.

1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழமைக்கு எல்லைக்கோடாக 1815 மார்ச் 2 ஆம் திகதியை, அதாவது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாளை வைத்தது. அதற்குப் பிற்பட்டவற்றைக் காப்பதற்கு அரசின் தனி அறிவித்தல் தேவை. மலையகத் தமிழரின் தோட்ட வாழ்வு முழுவதும் அந்தக் கோட்டுக்கு இப்பால் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். யுனெஸ்கோவின் 2001 ஆம் ஆண்டு உடன்படிக்கை வேறோர் அளவுகோலை வைக்கிறது: நூறு ஆண்டுகள் நீருக்குள் கிடந்த மனிதத் தடயம் எதுவும் மரபுரிமையே. அந்த அளவின்படி ஆதிலட்சுமி 1964 இலேயே தகுதி பெற்றுவிட்டது.

தேடலைக் கடலில் தொடங்க வேண்டியதில்லை. கொழும்பிலும் சென்னையிலும் உள்ள ஆவணக் காப்பகங்களின் துறைமுகப் பதிவுகளும் அக்காலப் பத்திரிகைகளும் முதலில் வாசிக்கப்பட வேண்டும். இடம் ஓரளவு தெளிந்தபின் ஒலியலைக் கருவியால் கடலடியைத் துழாவுவது சங்கு குளிப்போரின் உதவி கிடைத்தால் எளிதாகும். கொடவாயவைக் கண்டுகொடுத்தவர்கள் அவர்களே. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் மரக்காயர் குடும்பங்களில் தோணிக் கணக்கேடுகள் இருக்குமாயின் அவையும் பெறுமதியுடையவை. இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடையே அரிசியும் துணியும் ஆட்களும் பயணம் செய்த தோணிகளின் வரலாற்றில் முஸ்லிம் வணிகரின் பங்கு பெரிது.

தோட்ட மக்களின் கையிலும் ஒரு சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து வந்த தொழிலாளருக்கு, தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர டிக்கட் வழங்கப்பட்டது. ஊவாவின் லயன் அறைகளில், பாட்டியின் தகரப் பெட்டிக்குள் அத்தகைய ஒன்று கிடந்தால் அதனைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல், எண்ணை எழுதிவைத்து, படம் எடுத்து, அருகிலுள்ள பாடசாலையின் வரலாற்று ஆசிரியரிடம் காட்டலாம்.